சிவப்பில் கிடக்கும் புராஜெக்டுக்குப் போகிறவர்களுக்கு

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

பழைய மகாபலிபுரம் சாலையிலும் கோவையிலும் பெங்களூரிலும் ஏழெட்டு வருடம் மென்பொருள் வேலை பார்த்து, டீம் லீடாகவோ ஆர்க்கிடெக்டாகவோ உயர்ந்திருக்கும் உங்களுக்கு இந்த மடல். அந்த அழைப்பு உங்களில் பலருக்கு வந்திருக்கும். வராதவர்களுக்கு இனி வரும். டெலிவரி ஹெட் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, "உன்னை நம்பித்தான்பா இதைக் கொடுக்கிறேன்" என்பார். எதை என்று பார்த்தால், சொன்ன தேதியைத் தாண்டி வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கிற, இரண்டு மேனேஜர்கள் வந்து போன, வாரம் தவறாமல் கிளையன்டிடமிருந்து எஸ்கலேஷன் வருகிற ஒரு புராஜெக்ட். போனால் அதோடு சேர்ந்து மூழ்குவோம், போகமாட்டேன் என்றால் அப்ரைசலில் பார்த்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டபடி வெளியே வருவீர்கள்.

போகலாம் என்பது என் கருத்து. இதையே தொழிலாக்கிக்கொண்டு நன்றாக வாழவும் முடியும். என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி அப்படிக் கழிந்ததுதான். ஆனால் என்ன வேலைக்குப் போகிறோம் என்று தெரிந்து போகவேண்டும். ராத்திரி பகல் பாராமல் கோடிங் செய்து, வேறு யாராலும் பிடிக்க முடியாத பக்கைப் பிடித்துக் காப்பாற்றப்போகிறோம் என்ற நினைப்போடு போகிறவர்கள்தான் அதிகம். அப்படியும் எப்போதாவது நடக்கும். வழக்கமாக நடப்பது வேறு. அந்தப் புராஜெக்டில் எது கெட்டிருக்கிறது என்பது உள்ளே யாரோ ஒருவருக்கு நன்றாகத் தெரியும், முடிவெடுக்கிறவருக்குத் தெரியாது. இருவருக்கும் நடுவிலுள்ள ஐந்தாறு படிகளில் எங்கோ அந்தச் செய்தி நின்றுபோயிருக்கும். அதை எடுத்துக்கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள், கூப்பிடுகிறவருக்கே அது தெரியாவிட்டாலும்.

செய்தி நின்றுபோகும் விதம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். நிரல் எழுதுகிற பையன் "மாட்யூல் முடிஞ்சது, டெஸ்டிங் மட்டும் பாக்கி" என்கிறான். டீம் லீட் அதை 90 சதவீதம் என்று போடுகிறார். மேனேஜர் பத்து மாட்யூல்களையும் கூட்டிப் பார்த்து, ஒன்றிரண்டு பின்தங்கினாலும் சரிக்கட்டிவிடலாம் என்று பச்சை வட்டம் வைக்கிறார். கிளையன்டின் மேனேஜர் தன் மேலதிகாரியிடம் "திட்டமிட்டபடி போகிறது" என்கிறார். இவர்களில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் முனையை மழுக்கினார்கள், அவ்வளவே. இந்தத் தொழிலில் இதற்குத் தர்பூசணி ரிப்போர்ட் என்றே பெயர்: வெளியே பச்சை, உள்ளே சிவப்பு. நம்மூர் அலுவலகங்களில் இதோடு இன்னொன்றும் சேரும். "முடியாது" என்று மேலே இருப்பவரிடம் சொல்ல நமக்கு வாய் வராது. "டிரை பண்றேன் சார்" என்போம். அந்த அறையிலுள்ள தமிழர்கள் எல்லோருக்கும் அதன் பொருள் முடியாது என்பதுதான். லண்டனிலிருந்து ஃபோனில் கேட்டுக்கொண்டிருப்பவர் மட்டும் அதைச் சம்மதம் என்று குறித்துக்கொள்வார்.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அதில் இந்தத் தொழிலின் பாடம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. 2013 அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசு ஹெல்த்கேர் டாட் கவ் என்ற இணையதளத்தைத் திறந்தது. அதிபர் ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு அதுதான் வாசல். 36 மாநிலங்களின் மக்கள் அதன் வழியாகத்தான் காப்பீடு வாங்கவேண்டும். முதல் நாள் முடிவில் பதிவை முழுதாக முடித்து வெளியே வந்தவர்கள் 6 பேர். உலகமே சிரித்தது. 55 ஒப்பந்த நிறுவனங்கள் வேலை செய்திருந்தன. ஆளாளுக்கு ஒரு துண்டு. எல்லாத் துண்டுகளையும் சேர்த்து ஓடவைக்கிற பொறுப்பைச் சுகாதாரத் துறையின் ஒரு பிரிவு தானே வைத்துக்கொண்டிருந்தது. அதற்கு அந்த வேலையில் அனுபவம் இல்லை. விலையைப் பார்க்க மட்டும் வந்தவர்கள்கூட முதலில் கணக்குத் தொடங்கியாக வேண்டும் என்று கடைசி நேரத்தில் மாற்றியதால், வந்த கூட்டம் மொத்தமும் ஒரே குறுகலான வழியில் போய் முட்டியது.

அந்த மாதமே அதைச் சரிசெய்ய ஆட்கள் வந்தார்கள். நிர்வாகப் பக்கத்தில் ஜெஃப் ஜயன்ட்ஸ்; தொழில்நுட்பப் பக்கத்தில் கூகுளிலிருந்து விடுப்பெடுத்து வந்த மைக்கி டிக்கர்சன், அவரைப் போன்ற இன்னும் சிலர். உள்ளே போனதும் அவர்கள் கண்ட முதல் விஷயம், தளம் ஓடுகிறதா படுத்துவிட்டதா என்று பார்க்க ஓர் இடம் இல்லை என்பது. அத்தனை கோடி டாலர் செலவழித்தும் ஒரு டேஷ்போர்டு கிடையாது. ஆகவே அவர்கள் செய்த முதல் வேலை அளந்து காட்டுகிற கருவி ஒன்றைப் பொருத்தியது. அளந்தவுடன், திரும்பத் திரும்பக் கேட்கப்படும் தகவலுக்குக்கூட ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸுக்கு ஓடுவது தெரிந்தது. அந்தத் தகவலைப் பக்கத்திலேயே சேமித்து வைத்துக்கொடுக்கும் கேஷ் ஏற்பாட்டைச் செய்ததும் பக்கங்கள் வேகம் பிடித்தன. இந்த வைத்தியத்தில் மேதைமை எதுவும் இல்லை. கல்லூரி இறுதியாண்டு மாணவரும் சொல்லிவிடக்கூடியது.

மேதைமை இருந்தது கூட்டம் நடத்திய விதத்தில். காலையும் மாலையும், வார விடுமுறை உட்பட, எல்லா நிறுவனத்தாரும் ஒரே அறையில் நின்றுகொண்டு பேசவேண்டும் என்று ஏற்பாடு. டிக்கர்சன் அதற்கு மூன்று விதிகள் வைத்தார். ஒன்று, கூட்டம் பிரச்சினையைத் தீர்ப்பதற்கு. யார் தலையில் பழியைப் போடலாம் என்று யோசிக்க வேறு இடங்கள் ஏராளம் இருக்கின்றன. இரண்டு, பேசவேண்டியவர் அந்த விஷயம் அதிகம் தெரிந்தவர், பதவியில் பெரியவர் அல்ல. மூன்று, அடுத்த ஒன்றிரண்டு நாளில் நம்மைக் கடிக்கப்போகிற பிரச்சினை எதுவோ அதை மட்டும் பேசவேண்டும். இரண்டாம் விதியை உங்கள் அலுவலகத்தில் நடைமுறைப்படுத்திப் பாருங்கள். வைஸ் பிரசிடென்ட் உட்கார்ந்திருக்க, இரண்டு வருட அனுபவமுள்ள பெண் எழுந்து "அது அப்படி இல்லை" என்று சொல்ல விடுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். மேனேஜர் "அவங்களுக்கு முழு விவரம் தெரியாது, நான் சொல்றேன்" என்று குறுக்கே பாய்வார். அந்த இடத்தில் மேனேஜரைத் தடுத்து உட்காரவைப்பதுதான் உங்கள் வேலை, அதைக் கோபமில்லாமல், அவர் மானம் போகாமல் செய்யவேண்டும்.

நவம்பர் தொடக்கத்தில் நேரத்தில் பாதிகூட ஓடாத தளம், டிசம்பர் 1 அறிக்கை வந்தபோது 95 சதவீத நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கம் திறக்க 8 நொடி ஆனது ஒரு நொடிக்குள் வந்தது. 400-க்கு மேற்பட்ட திருத்தங்கள் செய்திருந்தார்கள். ஒரே சமயத்தில் 50,000 பேரைத் தாங்கியது. 2014 ஏப்ரலுக்குள் மாநிலத் தளங்களையும் சேர்த்து 80 லட்சம் பேர் காப்பீடு எடுத்தார்கள். இத்தனைக்கும் தளத்தைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதவில்லை. அதே மென்பொருள், ஏறக்குறைய அதே ஒப்பந்தக்காரர்கள், அக்டோபரில் ஊர் சிரித்த அதே எஞ்சினியர்கள். அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்ததைச் சொல்ல ஓர் இடம் கிடைத்தது, சொன்னதைச் செய்ய அதிகாரம் கிடைத்தது. 2014 ஆகஸ்டில் இதே மாதிரி வேலைக்கென்று அமெரிக்க அரசு தனியாக ஒரு டிஜிட்டல் சேவை அமைப்பைத் தொடங்கியபோது அதற்கு முதல் தலைவரானவர் டிக்கர்சன்தான். அவசரத்துக்குச் செய்த வேலை தொழிலாக மாறிய கதை அது.

நமக்குப் பக்கத்திலேயே ஒருவர் ஆயுள் முழுக்க இப்படி வாழ்ந்திருக்கிறார், மென்பொருளில் இல்லை, இரும்பிலும் கான்கிரீட்டிலும். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது, பாம்பன் ரயில் பாலத்தையும் சிதைத்தது. பாலத்தின் 145 கண்களில் பெரும்பாலானவற்றின் கர்டர்கள் கடலுக்குள் போயின. ரயில்வே குறித்த கெடு ஆறு மாதம். மேலதிகாரி அதை மூன்று மாதமாக்கினார். பொறுப்பை ஏற்ற 32 வயது எஞ்சினியர் ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் ரயிலை ஓடவைத்தார். புது கர்டர்களுக்குக் காத்திருந்தால் நாள் போதாது என்ற நிலையில், விழுந்தவை கடலடியில் எங்கே கிடக்கின்றன என்று காட்டியவர்கள் அங்கிருந்த மீனவர்கள். எடுத்துத் திரும்பப் பொருத்தினார்கள். சென்னைத் தலைமையகத்தின் எந்தக் கோப்பிலும் இல்லாத தகவல் அது.

அதற்குப் பிறகு அவர் போன இடங்களைப் பாருங்கள். 1979-இல் கொச்சிக் கப்பல் கட்டும் தளம். முதல் கப்பலான ராணி பத்மினி வருடக்கணக்காக இழுபட்டுக்கொண்டிருந்தது, 1981-இல் நீரில் இறங்கியது. 1990-இல் கொங்கண் ரயில்வே. 1997-இல் டெல்லி மெட்ரோ. கட்டி மூன்று வருடத்துக்குள் விரிசல் விட்டு, 2019-இல் மூடப்பட்ட கொச்சியின் பாலாரிவட்டம் மேம்பாலத்தைப் புதுப்பித்து 2021 மார்ச்சில் திறந்தபோது அவருக்கு வயது 88. இதில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள்: கெட்டுப்போனதைச் சரிசெய்த காலங்களுக்கு நடுவே, கொங்கணையும் டெல்லி மெட்ரோவையும் போல ஆரம்பத்திலிருந்து தானே கட்டியவையும் இருக்கின்றன. அந்தக் கலவையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இன்னொன்று, முடிவெடுக்கும் அதிகாரம் கையில் இருக்கவேண்டும் என்பதில் அவர் காட்டிய பிடிவாதம் பிரசித்தம். கெடு முடிய எத்தனை நாள் இருக்கிறது என்று இறங்குமுகமாக எண்ணிக் காட்டும் கடிகாரங்களை வேலைத் தளங்களிலேயே மாட்டி வைத்தவர். ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டை யார் எப்படி மழுக்கினாலும் கடிகாரத்தை மழுக்க முடியாது.

சரி, நீங்கள் உள்ளே போன முதல் நாளுக்கு வருவோம். அன்றைக்கே ஓர் உதவி உங்களைத் தேடிவரும், ஜாக்கிரதை. "பெஞ்ச்சில் இருபது பேர் இருக்காங்க, அனுப்பவா?" வேண்டாம் என்று சொல்லுங்கள். தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். ஐபிஎம்மில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து செய்த ஆபரேட்டிங் சிஸ்டத்தை நடத்திப் பார்த்தவர் அவர். புதிதாக வருகிற இருபது பேருக்குச் சொல்லிக்கொடுக்க, விஷயம் தெரிந்த நாலு பேரை எடுக்கவேண்டும். அந்த நாலு பேர்தான் உங்களிடம் இருப்பதே.

ஆளைக் குறைத்து மீட்டெடுத்த பெரிய கதையும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் எஃப்பிஐ, தன் வழக்குக் கோப்புகளைக் கணினிக்கு மாற்ற எடுத்த ஒரு முயற்சியை 17 கோடி டாலர் செலவழித்தபின் 2005-இல் குப்பையில் போட்டது. அடுத்து சென்டினல் என்று ஆரம்பித்தார்கள். 2010-க்குள் 40 கோடி டாலருக்கு மேல் போயிருந்தது. நான்கு கட்டங்களில் இரண்டுதான் கைக்கு வந்திருந்தது. அந்த வருடம் செப்டம்பரில் எஃப்பிஐ வேலையைத் தன் கைக்கே எடுத்துக்கொண்டது. 220 பேர் அளவிலிருந்த ஒப்பந்த ஊழியர்களை 40 ஆகக் குறைக்கத் திட்டமிட்டு, அலுவலகத்தின் அடித்தளத்தில் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து, இரண்டு வாரத்துக்கொருமுறை ஓடுகிற மென்பொருளைக் காட்டவேண்டும் என்றார்கள். பன்னிரண்டு மாதத்தில் முடிப்போம் என்று சொன்னதும் தவறியது. 2012 ஜூலையில்தான் எல்லா ஏஜென்ட்களின் கைக்கும் வந்தது. ஆனால் வந்தது, வேலை செய்தது. மீட்கப்பட்ட திட்டங்களும் தேதி தவறும் என்பதை உங்கள் கிளையன்டிடம் முதல் வாரத்திலேயே சொல்லிவைப்பது உத்தமம்.

எல்லாமே அறுபது நாளில் சரியாகும் என்றும் நினைக்கவேண்டாம். லண்டன் ஆம்புலன்ஸ் சேவை 1992 அக்டோபர் 26 அன்று வண்டிகளை அனுப்பும் வேலையை ஒரே நாளில் புதுக் கணினிக்கு மாற்றியது. அன்றே குழம்பியது, சில நாளில் முற்றாக நின்றது, திரும்பக் காகிதத்துக்குப் போனார்கள். மறுபடி கணினி வந்தது 1996-இல். இடைப்பட்ட காலத்தில் அவர்கள் முதலில் சரிசெய்தது நிர்வாகத்துக்கும் ஊழியர்களுக்கும் இருந்த பகையை. டிரைவர்கள் நம்பாத கணினி எத்தனை நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் வண்டி போய்ச்சேராது.

முதல் வாரத்தில் நான் செய்வதைச் சொல்கிறேன். ஸ்லைடுகளைப் படிக்கமாட்டேன். புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு லேப்டாப் கொடுத்தால் அதில் இந்த மென்பொருளை ஓடவைக்க எத்தனை நாள் ஆகிறது என்று கேட்பேன். கடைசியாக உண்மையில் ரிலீஸ் ஆனது எப்போது, அன்றைக்கு எத்தனை பேர் விடிய விடிய இருந்தார்கள் என்று கேட்பேன். பக் பட்டியலில் வாராவாரம் எத்தனை சேர்கிறது, எத்தனை கழிகிறது என்று நானே கணக்குப் போடுவேன். சேர்வது அதிகமாக இருக்கும் வரை எந்தத் தேதியும் தேதி இல்லை. பிறகு டெஸ்டிங் பகுதிக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். பாழாய்ப்போன புராஜெக்ட் ஒவ்வொன்றிலும் டெஸ்டர்களுக்குத்தான் முழுக்கதையும் தெரியும், ஏனென்றால் எல்லாரும் மழுக்கியது கடைசியில் அவர்கள் மேசைக்குத்தான் வரும். அவர்களை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அப்படி நான் பார்த்த ஒன்று: ஒரு வெளிநாட்டு இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பழைய பாலிசிகளைப் புது சிஸ்டத்துக்கு மாற்றுகிற வேலை. மைக்ரேஷன் 95 சதவீதம் முடிந்தது என்று ரிப்போர்ட் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது, அந்த மீதி ஐந்து மட்டும் நகரவே இல்லை. விசாரித்தால், மொத்த டேபிள்களில் எத்தனைக்கு மாற்றும் நிரல் எழுதியாயிற்று என்பதுதான் அந்த 95. பாலிசி எத்தனை சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று யாரும் எண்ணவில்லை. யாரும் என்றா சொன்னேன்? டெஸ்டிங்கில் இருந்த ஒரு பெண் தனக்கென்று ஓர் எக்செல் வைத்திருந்தாள். அதில் எல்லாம் இருந்தது. பழைய பாலிசிகளில் பிறந்த தேதி தெரியாத இடத்தில் அந்தக் காலத்து ஊழியர்கள் 01-01-1900 என்று போட்டு வைத்திருந்தார்கள். புது சிஸ்டம் அவர்களை நூறு வயது தாண்டியவர்களாக எடுத்துக்கொண்டு நிராகரித்துக்கொண்டே இருந்தது. சரியாகப் போனவை பாதிகூட இல்லை. "ஏம்மா இதை யாரிடமும் காட்டவில்லை?" என்றேன். "யாரும் கேட்கலை சார், நானா அனுப்பினா தப்பா எடுத்துப்பாங்க" என்றாள். அந்த எக்செல்லைத்தான் அடுத்த வாரம் கிளையன்டின் முன்னால் திரையில் போட்டோம், அவளையே விளக்கச் சொல்லி. கிளையன்ட் கோபப்பட்டார். அடுத்த நாள் தன் பக்கத்திலிருந்து பழைய பாலிசிகளைப் பற்றித் தெரிந்த ஒருவரை அனுப்பிவைத்தார், இத்தனை மாதம் நாம் கேட்டும் கிடைக்காத ஆள்.

ஏற்கெனவே அங்கே இருப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் மடையர்கள் என்ற எண்ணத்தோடு உள்ளே போகாதீர்கள். பலர் மாதக்கணக்காகக் குடும்பத்தைச் சரியாகப் பார்க்காமல் உழைத்துக் களைத்திருப்பார்கள். வெளியிலிருந்து வரும் உங்களை ஏற்கெனவே வெறுப்பார்கள், அது நியாயமும்கூட. முந்தைய மேனேஜரைக் குறைசொல்லி ஒரு மெயிலும் எழுதாதீர்கள். அவரைத் தேடிப்பிடித்துப் பேசினால் ஒரு மாத வேலை மிச்சமாகும். ராத்திரி கேப் வரும்வரை எல்லோரும் உட்காரவேண்டும் என்ற வழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். விடிய விடிய இருப்பதுதான் விசுவாசம் என்று ஆகிவிட்டால், வீட்டில் கைக்குழந்தை இருக்கிற பெண்தான் முதலில் கழன்றுகொள்வாள், பெரும்பாலும் அவளுக்குத்தான் அந்த சிஸ்டம் ஆரம்பத்திலிருந்து தெரிந்திருக்கும். களைத்தவன் எழுதுகிற திருத்தம் மறுநாள் இரண்டு பக்காகத் திரும்பி வருவதையும் நீங்களே கணக்கில் பார்த்திருப்பீர்கள்.

இனி உங்கள் பிழைப்பு. இதைப் பற்றி யாரும் சொல்லித்தருவதில்லை, அதனால் வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

உங்களுக்குப் பேரம் பேசும் சக்தி உச்சத்தில் இருப்பது கதவைச் சாத்திக்கொண்டு கேட்கும் அந்த அரைமணி நேரத்தில்தான். ஒத்துக்கொண்டபின் கேட்டால் "இப்போ ஏன்பா பிரச்சினை பண்ற" என்பார்கள். கிளையன்டோடு நேரடியாகப் பேசும் உரிமையை அப்போதே கேளுங்கள். உங்கள் வார்த்தையை இன்னொருவர் மெருகேற்றிக் கொண்டுபோனால் நீங்கள் போயும் பயனில்லை. எதை இப்போது செய்யவேண்டாம் என்று வெட்டும் அதிகாரத்தைக் கேளுங்கள். ஒரு காலம் வரைக்கும் புதிய சேஞ்ச் ரெக்வெஸ்ட் எதுவும் உள்ளே வராது என்ற உத்தரவாதத்தைக் கேளுங்கள். பேசி முடித்து வெளியே வந்ததும் "நாம் பேசியபடி" என்று ஆரம்பித்து ஒரு சின்ன மெயில் போட்டுவிடுங்கள்.

சம்பள விஷயம் இன்னும் நுணுக்கமானது. நம் சர்வீஸ் கம்பெனிகள் பலவற்றில் வேரியபிள் பே அந்த அக்கவுண்டின் லாபநஷ்டத்தோடு கட்டப்பட்டிருக்கும். நஷ்டத்தில் ஓடுகிற அக்கவுண்டுக்கு நீங்கள் போனால், பழைய நஷ்டத்தில் உங்கள் பங்கும் கழியும். போதாக்குறைக்கு உங்களை பில்லபிள் இல்லாத ஆளாகப் போட்டிருந்தால் வருடக்கடைசியில் உங்கள் யுடிலைசேஷன் பூஜ்யம் என்று ஒரு எச்.ஆர். தம்பி சொல்வார். ஆகவே உங்கள் அப்ரைசலை அந்த அக்கவுண்டுக்கு வெளியே உள்ள ஒருவர் செய்யவேண்டும், வேரியபிள் பே பழைய யூனிட்டிலேயே இருக்கவேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். கேட்டவர்களுக்குக் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன். கேட்காதவர்களுக்கு ஒரு கண்ணாடிக் கேடயமும் குழு மதிய உணவும் கிடைக்கும்.

உள்ளே போன வாரத்தின் நிலவரத்தை எண்களில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ரிலீஸுக்கும் ரிலீஸுக்கும் நடுவே எத்தனை நாள், அதிதீவிர பக் எத்தனை, ஒரு திருத்தம் புரொடக்ஷனுக்குப் போக எவ்வளவு நேரம். ஆறு மாதம் கழித்து எல்லாம் அமைதியானதும், "அப்படியொன்றும் மோசமாக இல்லையே, நாங்களே சரிசெய்திருப்போம்" என்று பேசுவார்கள். சரியான பிறகு நோயை யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. கிளையன்டின் ரகசியத்தை வெளியே கொண்டுபோகாமல், எண்களின் விகிதத்தை மட்டும் ரெஸ்யூமேயில் எழுதலாம். தனியாகக் கன்சல்டிங் ஆரம்பிக்கும் நாள் வந்தால், நிலவரத்தைப் பார்த்துச் சொல்வதற்கென்று இரண்டு மூன்று வாரத்துக்குத் தனிக் கட்டணம் வாங்குங்கள். பார்க்காமலே இவ்வளவுக்குச் சரிசெய்துதருகிறேன் என்று மொத்தத் தொகைக்குக் கையெழுத்துப் போடுகிறவர் அடுத்த சிவப்புப் புராஜெக்டை உருவாக்குகிறார்.

சில இடங்களுக்குப் போகாதீர்கள். பணம் கொடுக்கிறவருக்கே அந்த மென்பொருள் தேவையில்லை, யாரோ ஒருவரின் வீம்புக்காக ஓடுகிறது என்றால், அதை மூடச் சொல்வதுதான் சரியான அறிக்கை. 2005-இல் எஃப்பிஐ மூடியதால்தான் அடுத்தது பிறந்தது. மூடச் சொல்லி எழுதுகிற துணிச்சல் உங்களுக்கு இருக்கிறது என்று தெரிந்தால், காப்பாற்றலாம் என்று நீங்கள் சொல்லும்போது நம்புவார்கள். அதுபோலவே, உண்மையைச் சொன்ன முதல் கூட்டத்திலேயே சொன்னவரை வெளியேற்றிய கிளையன்ட் என்றால் உங்கள் சூட்கேஸைப் பிரிக்கவேண்டாம்.

முன்பு சொன்ன கலவைக்கு வருகிறேன். மூன்று நான்கு மீட்பு வேலைகள் வரிசையாகச் செய்தவர்களுக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும். நெருக்கடி இல்லாத நாளில் கை பரபரக்கும், எதையாவது அவசரமாக்கிப் பார்ப்பார்கள், நிதானமாக வேலை செய்கிறவர்களைச் சோம்பேறிகள் என்பார்கள். ஆகவே ஒன்றை மீட்டபின் அடுத்ததாக ஏதாவதொன்றை முதல் வரியிலிருந்து எழுதி, அதை ஒரு வருடமாவது நீங்களே பராமரியுங்கள். நன்றாக நடக்கிற புராஜெக்டின் செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று தெரியாதவருக்குக் கெட்டுப்போன புராஜெக்டை எங்கே கொண்டுபோய் விடவேண்டும் என்பதும் தெரியாது. நம் கம்பெனிகள் சிவப்பைப் பச்சையாக்கியவருக்குக் கைதட்டுகின்றன. ஆரம்பத்திலிருந்தே பச்சையாக வைத்திருந்த அம்மாளின் பெயர் யாருக்கும் தெரியாது. அவரிடம் ஆறு மாதம் வேலை செய்யச் சந்தர்ப்பம் கிடைத்தால் பதவியைப் பார்க்காமல் போய்ச் சேருங்கள்.

கிளம்பும் நேரத்தைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். ஸ்டேட்டஸ் மீட்டிங்கில் ஆட்கள் கொட்டாவி விட ஆரம்பித்து, ஏதோ ஒரு வியாழக்கிழமை மதியம் ரிலீஸ் போய்விட்டது என்பதே உங்களுக்கு மாலையில்தான் தெரிந்தால், உங்கள் வேலை முடிந்தது. அங்கேயே மேனேஜராக இருந்துவிடச் சொல்வார்கள். வசதியாக இருக்கும், வேண்டாம். உள்ளேயிருந்தே ஒருவரை உட்காரவையுங்கள், வெளியிலிருந்து வரும் புது ஆளுக்கு ஒப்படைக்காதீர்கள். பிறகு கிளையன்டின் தலைவருக்கும் உங்கள் டெலிவரி ஹெட்டுக்கும் ஒரு மெயில் எழுதுங்கள். எக்செல் வைத்திருந்தவர், பில்டைச் சரிசெய்தவர், பழைய டேபிள்களின் அர்த்தத்தைக் கண்டுபிடித்தவர் என்று ஆளுக்கு ஒரு வரி, பெயரோடும் செய்த காரியத்தோடும். அனுப்பியது நீங்கள் என்பதால் உங்கள் பெயர் தானாக அதில் இருக்கும். அந்த மெயிலை அப்ரைசல் ரேட்டிங் முடிவாகும் முன்பே அனுப்பிவிடுங்கள். ரேட்டிங் பூட்டப்பட்ட மறுநாள் அனுப்பினால் எல்லோரும் லைக் போடுவார்கள், எக்செல் வைத்திருந்த அந்தப் பெண்ணுக்குப் பத்து பைசாகூட ஏறாது.

அன்புடன்,
உங்கள் அண்ணன் ஒருவன்